மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டுதல்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள், ஓசூரிலிருந்து பேருந்து ஏறி வரும் கல்லூரி மாணவர்கள், பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் ஆசையில் லினக்ஸுக்கு மாறிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று கூட்டம் கலவையானது; கேட்கும் ஐயங்கள் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் டெசராக்டையே கொள்கிறேன். அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் இந்த மென்பொருள் தமிழையும் படிக்கும் என்பதால், எங்கள் மாடியில் மிக அதிக முறை கட்டப்பட்டது அதுதான். கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

“சோர்ஸிலிருந்து கட்டு” என்கிறீர்களே அண்ணா, அப்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய உரை. அதைச் செயலிக்குப் புரியும் ஆணைகளாக மாற்றி, கணினியில் உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது வரையிலான வேலை முழுவதையும் கட்டுதல் என்கிறோம். நீங்கள் இதுவரை இறக்கி நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் வேறு யாரோ தம் கணினியில் கட்டி முடித்துக் கொடுத்தவை.

இந்த வேலை ஐந்து கட்டங்களில் நடக்கிறது. உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிப்பது கான்ஃபிகர் கட்டம். ஒவ்வொரு நிரல் கோப்பையும் தனித்தனியே, செயலிக்கான ஆணைகள் அடங்கிய ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுவது கம்பைல் கட்டம். அவற்றையும், பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதிகளான லைப்ரரிகளையும் ஒன்றாகக் கோப்பது லிங்க் கட்டம். கிடைத்ததை அந்தந்த அடைவுக்கு நகலெடுப்பது இன்ஸ்டால் கட்டம். நிரல் தொடங்கும்போது தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி எடுத்துக்கொள்வது ஓட்டக் கட்டம். “கட்ட வரவில்லை” என்று யார் சொன்னாலும், எந்தக் கட்டத்தில் நின்றது என்றுதான் நான் முதலில் கேட்பேன். லைப்ரரி ஒன்று இல்லாத குறை ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு முகத்தோடு வரும்; மருந்தும் கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

ஆப்ட் இன்ஸ்டால் என்று ஒரே வரியில் கிடைப்பதற்கு நான் ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டும்?

பெரும்பாலான நேரங்களில் செலவழிக்க வேண்டியதில்லை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல் முன்பே கட்டித் தரும் பேக்கேஜ் உங்கள் தேவைக்குப் போதுமானால் அதையே நிறுவிக்கொண்டு மாலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

கட்ட வேண்டிய காரணங்கள் சில உண்டு. டெசராக்டின் 5.0 பதிப்பு 2021 நவம்பரில் வெளிவந்துவிட்டது. ஆனால் 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் இருப்பது 4.1.1. புதிய பதிப்பு தேவைப்படுவது முதல் காரணம். வழங்கல் அடைத்து வைத்திருக்கும் ஒரு வசதியைத் திறந்துகொள்வது இரண்டாவது. நிரலில் ஒரு பிழையை நீங்களே திருத்த விரும்புவது மூன்றாவது. “நம் கணினிக்கென்றே கட்டினால் வேகம் பறக்கும்” என்பதைக் காரணமாகக் கொண்டு வருகிறவர்களை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. அன்றாட மென்பொருள்களில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது அரிது.

என்னுடையது 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், பி.ஜி.யில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். இதில் கட்ட முடியுமா?

டெசராக்ட் அளவுள்ள மென்பொருளுக்குத் தாராளமாக முடியும். உபுண்டுவிலும் டெபியனிலும் பில்டு-எசென்ஷியல் என்ற ஒரே பேக்கேஜை நிறுவினால் சி, சி++ கம்பைலர்களும், கட்டும் வேலையை வரிசைப்படி நடத்தும் மேக் கருவியும் சேர்ந்து வந்துவிடும். டேட்டாவை மிச்சப்படுத்த, மூலநிரலை அதன் களஞ்சியத்திலிருந்து இறக்கும் கிட் குளோன் கட்டளையோடு டெப்த் 1 என்ற விருப்பத்தைக் கொடுங்கள். பல்லாண்டு வரலாறு முழுவதும் இறங்காமல் இன்றைய நிலை மட்டும் இறங்கும்.

குரோமியம் உலாவியைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் கதை வேறு. அதற்கு 100 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்றும், ரேம் 16 ஜிபிக்கு மேல் இருப்பது நல்லது என்றும் அந்தத் திட்டமே சொல்கிறது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரேம் வாங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, எந்தக் கட்டளையில் தொடங்குவது என்று எப்படித் தெரியும்?

மூலநிரல் அடைவின் மேல்மட்டத்திலுள்ள கோப்புப் பெயர்களே சொல்லிவிடும். கான்ஃபிகர் என்ற கோப்பு இருந்தால் அது ஆட்டோடூல்ஸ் குடும்பம்; சிமேக்-லிஸ்ட்ஸ் இருந்தால் சிமேக்; மெசான்-பில்டு இருந்தால் மெசான்; மேக்ஃபைல் மட்டும் இருந்தால் நேரடியாக மேக். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ரீட்மீ, இன்ஸ்டால் என்ற இரு கோப்புகளையும் படியுங்கள். படிக்காமல் வந்து என்னிடம் கேட்டால், நான் உங்கள் முன்னாலேயே அவற்றைத் திறந்து படித்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

இத்தனை வகை இருப்பதற்குக் காரணம் வரலாறு. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் மேக் கருவியை எழுதினார். யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வசதி இல்லாமல் போனபோது, இருப்பதையும் இல்லாததையும் சோதித்து மேக்ஃபைலை எழுதித் தர 1991இல் ஆட்டோகான்ஃப் வந்தது. விண்டோஸையும் சேர்த்துக்கொள்ள 2000இல் சிமேக் வந்தது. இவற்றின் சிக்கல் மொழியால் சலித்தவர்களுக்கு 2013இல் மெசான் வந்தது. மேக்ஃபைலில் கட்டளை வரிகளுக்கு முன் ஸ்பேஸ் வைக்கக்கூடாது, டேப் மட்டுமே வைக்க வேண்டும் என்ற விதி இன்றும் பலரை அழவைக்கிறது. அது தவறு என்று ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது; ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் கூறினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூலநிரலை வைக்கும் அடைவின் பெயரிலோ அதற்கு மேலுள்ள அடைவுகளின் பெயரிலோ இடைவெளி இருக்கக்கூடாது. மேக் இடைவெளியை இரண்டு பெயர்களின் எல்லையாகக் கொள்ளும் என்பதால், “என் திட்டம்” என்ற ஓர் அடைவு அதற்கு “என்”, “திட்டம்” என்று இரண்டாகிவிடும்.

வீடியோவில் காட்டியபடி கான்ஃபிகர் என்று அடித்தேன், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. நான் எதையாவது அழித்துவிட்டேனா?

எதையும் அழிக்கவில்லை. கான்ஃபிகர் என்பது பெரும்பாலும் கையால் எழுதுவது அல்ல. ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தருவது. வெளியீட்டுக்கென்று சுருக்கி வைத்த டார் கோப்பில் அது வழக்கமாக முன்கூட்டியே உருவாக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். கிட் களஞ்சியத்தில் இருக்காது. நீங்கள் கிட்டிலிருந்து எடுத்திருந்தால் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக் ஆகியவற்றை நிறுவிக்கொண்டு முதலில் ஆட்டோஜென் என்ற ஸ்கிரிப்டை இயக்குங்கள். இந்த வேறுபாடு சிறிய செய்தி போலத் தோன்றினாலும், கீழே பாதுகாப்பு பற்றிய கேள்வியில் இது பெரிதாகத் திரும்பி வரும்.

லெப்டோனிகா இல்லை என்று கான்ஃபிகர் நின்றுவிடுகிறது தம்பி. அதை நான் நேற்றே நிறுவிவிட்டேனே?

ஆசிரியர் ஐயா கேட்ட இந்தக் கேள்வியை மற்றவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கிறார்கள். லெப்டோனிகா என்பது படங்களைக் கையாள டெசராக்ட் பயன்படுத்தும் லைப்ரரி. டெபியன் வகை வழங்கல்களில் ஒரு லைப்ரரி இரண்டு பேக்கேஜ்களாகப் பிரிந்திருக்கும். நிரல் ஓடும்போது தேவைப்படும் பகுதி ஒன்று; அந்த லைப்ரரியைப் பயன்படுத்தி இன்னொரு நிரலைக் கட்டும்போது தேவைப்படும், அதில் என்னென்ன இருக்கிறது என்று அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் மற்றொன்று. சமைத்த சாம்பார் வேறு, செய்முறைக் குறிப்பு வேறு என்பது போல. நீங்கள் நிறுவியது லிப்லெப்ட்5 என்ற ஓட்டப் பகுதியை. கான்ஃபிகர் தேடுவது லிப்லெப்டோனிகா-டெவ் என்பதை. ஃபெடோரா வகையில் இதே பேக்கேஜ்களின் பெயர் டெவ் என்று முடியாமல் டெவல் என்று முடியும். டெவ் பேக்கேஜை நிறுவினால் ஓட்டப் பகுதியும் தானாக வந்துவிடும்.

ஒவ்வொன்றாகத் தேடி அலுத்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நீங்கள் கட்ட விரும்பும் மென்பொருளின் பழைய பதிப்பு ஏதேனும் வழங்கலில் இருந்தால், ஆப்ட் பில்டு-டெப் டெசராக்ட் என்ற ஒரே கட்டளை அந்தப் பழைய பதிப்பைக் கட்டத் தேவையான அனைத்தையும் நிறுவிவிடும். ஃபெடோராவில் இதற்கு டிஎன்எஃப் பில்டுடெப். புதிய பதிப்புக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். உபுண்டுவில் மூலநிரல் பேக்கேஜ்களுக்கான வரி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும் என்பதால், மென்பொருள் மூலங்கள் பட்டியலில் டெப்-எஸ்ஆர்சி என்பதை முதலில் இயக்கிவிடுங்கள்.

டெவ் பேக்கேஜ் இருந்தும் இல்லை என்றே சொன்னால், கான்ஃபிக்-லாக் என்ற கோப்பைத் திறந்து லெப்டோனிகா என்று தேடுங்கள். கான்ஃபிகர் திரையில் “இல்லை” என்று ஒரு சொல்லில் முடிப்பதன் முழுக் காரணமும், அது முயன்ற சிறு சோதனை நிரலும், கம்பைலர் அதற்குச் சொன்ன மறுமொழியும் அங்கே இருக்கும். “பதிப்பு பழையது” என்பதையும் “கிடைக்கவில்லை” என்றே சில ஸ்கிரிப்டுகள் திரையில் சொல்லிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். லெப்டோனிகாவையும் நீங்களே ஹோம் அடைவுக்குள் கட்டியிருந்தால், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிசி கோப்பு உள்ள அடைவைப் பிகேஜி-கான்ஃபிக்-பாத் என்ற சூழல் மாறியில் சொல்லாதவரை கான்ஃபிகருக்கு அது இருப்பதே தெரியாது.

மேக் ஓடும்போது திரை முழுக்கச் சிவப்பாக ஓடுகிறது. எந்த வரியைப் படிப்பது?

முதல் பிழையைப் படியுங்கள். நம் கண்ணில் கடைசியாக நிற்பது கீழ்வரி. ஆனால் “மேக்: எரர் 2” என்ற அந்தக் கீழ்வரி ஏதோ ஒன்று தோற்றது என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்காமல் போனால் அதில் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் தெரியாத பெயராகி, ஒரு குறைக்கு நூறு பிழைகள் கிளம்பும். முதலாவதைச் சரிசெய்தால் மற்ற தொண்ணூற்றொன்பதும் தாமாக மறையும். வார்னிங் என்று தொடங்கும் வரிகளை இப்போதைக்குக் கடந்து செல்லலாம்.

ஜே என்ற விருப்பத்தால் பல வேலைகள் ஒருங்கே ஓடும்போது செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே தோற்றதும், ஜே விருப்பம் இல்லாமல் வெறும் மேக் என்று மீண்டும் கொடுங்கள். முடிந்தவற்றை அது விட்டுவிட்டுத் தோற்ற இடத்திலேயே தனியாக வந்து நிற்கும். வெளியீட்டை டீ கட்டளை வழியே ஒரு கோப்பிலும் சேமியுங்கள். கைப்பேசியில் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறவர்களின் படங்களில் முதல் பிழை இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

தலைப்புக் கோப்பெல்லாம் கிடைத்துவிட்டது, கடைசியில் “அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்” என்கிறது. இது என்ன புதுத் தொல்லை?

இது லிங்க் கட்டத்தின் பிழை. ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்ற அறிவிப்பைத் தலைப்புக் கோப்பில் பார்த்துக் கம்பைலர் நம்பிவிட்டது. அதன் உடலைத் தேடிப் போன லிங்கருக்கு எங்கும் அகப்படவில்லை. லைப்ரரியின் பெயர் லிங்க் கட்டளையில் விடுபட்டிருக்கலாம், அல்லது அதைப் பயன்படுத்தும் கோப்புக்கு முன்னால் வந்திருக்கலாம். ஜிசிசியின் லிங்கருக்கு வரிசை முக்கியம், தேவைப்படுவது முன்னும் தருவது பின்னும் வர வேண்டும்.

நடைமுறையில் நான் அதிகம் காண்பது மூன்றாவது காரணம்: ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள். தலைப்புக் கோப்பு நீங்கள் கட்டிய புதியதிலிருந்தும், லைப்ரரி வழங்கலின் பழையதிலிருந்தும் எடுக்கப்படும். பழைய முடிவுகள் கான்ஃபிகர் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கட்டும் அடைவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே விரைவான வழி.

மேக் ஜே கொடுத்தால் வேகமாக முடியும் என்றார்கள். லேப்டாப் உறைந்து “கில்ட்” என்று நின்றுவிட்டது. நிரலில் பிழையா?

நிரலில் பிழை இல்லை, ரேம் தீர்ந்துவிட்டது. சி++ கம்பைலர் ஒரு பெரிய கோப்புக்கே ஏறத்தாழ 1 ஜிபி வரை எடுத்துக்கொள்ளக்கூடும். எண் இல்லாமல் வெறும் ஜே கொடுத்தால் அதற்கு வரம்பே இல்லை என்று பொருள். மேக் அகப்பட்ட கோப்பையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும், கடைசியில் இயக்குதளத்தின் மையமான கர்னல் தலையிட்டு ஒரு கம்பைலரைக் கொன்று நினைவகத்தை மீட்கும். செயலியின் கருக்கள் எத்தனை என்பதை என்ப்ராக் கட்டளை சொல்லும். அந்த எண்ணையோ, ரேம் குறைவானால் அதில் பாதியையோ கொடுங்கள்.

பாதியில் நின்றதை மீண்டும் மேக் என்று சொல்லித் தொடரலாம். மடிக்கணினியின் பேட்டரி செத்துப்போய், கோடைக்கால மின்வெட்டில் திடீரென்று அணைந்துவிட்டால் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு குறைப்பிறவியாக வட்டில் கிடக்க, அது முடிந்துவிட்டதாக மேக் எண்ணிக்கொள்ளும். பூச்சிய அளவுள்ள கோப்புகளைத் தேடி அழியுங்கள். ஐயம் இருந்தால் மேக் கிளீன் கொடுத்துவிடுங்கள்.

“கிளாக் ஸ்க்யூ” என்று ஒரு எச்சரிக்கை. கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டது என்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஏனெனில் இதன் விடை இந்திய நேரத்தில் இருக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் இருந்தால், விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். விண்டோஸிலிருந்து மாறிய உடனே மூலநிரலை விரித்தால், பிற்பகல் 3.30க்கு விரித்த கோப்புகள் இரவு 9 மணிக்கு எழுதப்பட்டதாகப் பதிவாகும். பிறகு இணையம் கிடைத்துக் கடிகாரம் திருந்தியதும் அவை எதிர்காலக் கோப்புகளாகிவிடுகின்றன. இடைவெளி 19800 நொடிக்கு அருகில் இருந்தால் காரணம் இதுவேதான்.

மேக் எதைக் கட்டுவது, எதை விடுவது என்பதைக் கோப்பின் நேரத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. சிலவற்றைத் திரும்பத் திரும்பக் கட்டும், சிலவற்றைக் கட்டாமலே விடும். டச் கட்டளையால் எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் தற்போதைய நேரமாக மாற்றிவிட்டு மேக் கிளீன் கொடுங்கள். நிலையான தீர்வு, தாய்ப்பலகைக் கடிகாரத்தைப் பொது நேரமாகக் கொள்ளும்படி விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் சொல்லிவிடுவது.

சூடோ மேக் இன்ஸ்டால் கொடுத்துவிட்டேன். இப்போது வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது?

கட்டிய அடைவு இன்னும் இருந்தால் அங்கிருந்து மேக் அன்இன்ஸ்டால் கொடுத்துப் பாருங்கள்; ஆட்டோடூல்ஸ் மென்பொருள்களில் பெரும்பாலும் வேலை செய்யும். சிமேக்கில் அந்த வசதி இயல்பாக இருக்காது, ஆனால் இன்ஸ்டால்-மேனிஃபெஸ்ட் என்ற கோப்பில் நிறுவிய ஒவ்வொரு கோப்பின் பெயரும் இருக்கும். அடைவை அழித்துவிட்டிருந்தால் அதே பதிப்பை அதே விருப்பங்களோடு மீண்டும் கட்டி, டெஸ்ட்டிர் என்ற மாறியில் ஒரு வெற்று அடைவைக் கொடுத்து அங்கே நிறுவுங்கள். என்னென்ன கோப்புகள் எங்கெங்கே போயின என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த வேலையே வராமலிருக்க என் உறுதியான பரிந்துரை ஒன்று உண்டு. கான்ஃபிகர் செய்யும்போதே பிரிஃபிக்ஸ் என்ற விருப்பத்தில் உங்கள் ஹோம் அடைவுக்குள் அந்த மென்பொருளுக்கென்று ஒரு தனி அடைவைக் கொடுங்கள். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ தேவையில்லை, வேண்டாம் என்றால் அந்த ஓர் அடைவை அழித்தால் போதும். எல்லோருக்கும் பொதுவாக நிறுவ வேண்டுமானால் இயல்பான இடமான யூஎஸ்ஆர்-லோக்கல் சரி. வெறும் யூஎஸ்ஆரை மட்டும் பிரிஃபிக்ஸாகக் கொடுக்கவே கூடாது, அது வழங்கலின் ஆட்சிப்பகுதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகச் சர்வரில் குறியாக்க லைப்ரரி ஒன்றை நான் அப்படி யூஎஸ்ஆரில் நிறுவினேன். அடுத்த நிமிடத்திலிருந்து, தொலைவிலிருந்தே சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. அன்று இரவு சர்வர் அறையில் விசைப்பலகையோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

நிறுவி முடித்த பிறகும் பழைய பதிப்பு எண்ணே வருகிறது. நண்பனுக்கோ “ஷேர்டு ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை” என்கிறது. ஏன்?

இரண்டும் ஓட்டக் கட்டத்தின் சிக்கல்கள். முதலாவதில், நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல், பாத் மாறியிலுள்ள அடைவுகளை வரிசையாகத் தேடி முதலில் கிடைத்ததை இயக்குகிறது. உங்கள் புதிய அடைவு அந்த வரிசையின் முன்னால் இருக்க வேண்டும். பாஷ் என்ற ஷெல், முன்பு கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதால் ஹாஷ் மைனஸ் ஆர் கொடுங்கள், அல்லது புதிய டெர்மினலைத் திறங்கள்.

நண்பருடையதில் லைப்ரரி வட்டில் இருக்கிறது, ஆனால் நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி எடுக்கும் லோடருக்கு அதன் இடம் தெரியவில்லை. உபுண்டுவில் யூஎஸ்ஆர்-லோக்கலில் நிறுவியிருந்தால் சூடோ எல்டிகான்ஃபிக் கொடுத்தாலே தீர்ந்துவிடும். ஃபெடோராவில் அந்த அடைவு தேடல் பட்டியலிலேயே இயல்பாக இல்லாததால் அதை முதலில் சேர்க்க வேண்டும். ஹோம் அடைவுக்குள் நிறுவியிருந்தால் லைப்ரரியின் இடத்தை ஆர்பாத் என்ற குறிப்பாக நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது. சிமேக் கட்டும் அடைவில் இந்தக் குறிப்பைத் தானே எழுதிவிட்டு, இன்ஸ்டால் செய்யும்போது அதை நீக்கிவிடும். “கட்டிய இடத்தில் ஓடுகிறது, நிறுவிய இடத்தில் ஓடவில்லை” என்ற புதிரின் விடை பெரும்பாலும் இதுதான். எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்பதை எல்டிடி கட்டளை வரிவரியாகக் காட்டும்.

டெசராக்டில் இன்னொன்றும் உண்டு. கட்டுவதால் கிடைப்பது இயந்திரம் மட்டுமே. தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பைத் தனியே இறக்கி, அது இருக்கும் அடைவை டெஸ்டேட்டா-பிரிஃபிக்ஸ் மாறியில் சொல்ல வேண்டும். ஃபாஸ்ட், பெஸ்ட் என்று வகைகள் இருக்கின்றன. பழைய அச்சு நூல்களுக்குப் பெஸ்ட் வகையை முயலலாம், நேரம் கூடுதலாகும்.

என் லேப்டாப்பில் கட்டியதை அலுவலகச் சர்வருக்கு எடுத்துப் போனால் “ஜிலிப்சி 2.34 இல்லை” என்கிறது. ஜிலிப்சியை மட்டும் புதுப்பித்துவிடலாமா?

கூடவே கூடாது. ஜிலிப்சி என்ற சி மொழி லைப்ரரி, அந்தச் சர்வரிலுள்ள ஏறத்தாழ எல்லா நிரல்களும் நிற்கும் அடித்தளம். கையால் மாற்றினால் எல்எஸ் கட்டளைகூட ஓடாமல் போகும். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும்; ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, ரெட்ஹேட் 8இல் இருப்பது 2.28. ஆகவே சர்வரில் ஓடும் அதே வழங்கலின் அதே பதிப்பை டாக்கர் போன்ற கன்டெய்னரில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) எடுத்து அதற்குள் கட்டுங்கள்.

பிழைச்செய்தி ஜிலிப்சியைக் குறிக்காமல் “இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்” என்று வந்தால், கம்பைல் செய்யும்போது மார்ச்-நேட்டிவ் என்ற விருப்பத்தைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். உங்கள் செயலிக்கு மட்டுமே தெரிந்த ஆணைகள் அதில் புகுந்திருக்கும். வேகம் பற்றி இரண்டாம் கேள்வியில் நான் முகம் சுளித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலநிரலிலிருந்து நானே கட்டினால் அதில் கள்ளத்தனம் எதுவும் இருக்க முடியாது, சரிதானே சார்?

இருக்க முடியும். 2024 மார்ச்சில் எக்ஸ்செட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைத் துரத்திப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். நஞ்சு, சோதனைத் தரவு என்ற பெயரில் கிட் களஞ்சியத்திலேயே கிடந்தது. ஆனால் அதை எடுத்து லைப்ரரிக்குள் கோக்கும் எம்4 ஸ்கிரிப்ட் வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தது, கிட்டில் இல்லை. கான்ஃபிகர் கோப்பு டாரில் இருக்கும், கிட்டில் இருக்காது என்று மேலே சொன்னேன் அல்லவா? உருவாக்கப்பட்ட கோப்புகளை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை என்ற அந்த இடைவெளிக்குள்தான் அது ஒளிந்துகொண்டது.

ஷா256 கூட்டுத்தொகை, இறக்கியது சிதையாமல் வந்ததா என்பதைச் சொல்லும்; ஜிபிஜி கையொப்பம், அதை வெளியிட்டவர் யார் என்பதைச் சொல்லும். எக்ஸ்செட்டில் நஞ்சு வைத்தவரே பராமரிப்பாளராகவும் இருந்து கையொப்பமிட்டதால் இரண்டுமே சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் இரண்டையும் சோதியுங்கள். வழியில் யாரேனும் மாற்றி வைத்த கோப்பிலிருந்தாவது அவை காக்கும். முடிந்தவரை கிட் குறிச்சொல்லிலிருந்து எடுத்து ஆட்டோஜெனை நீங்களே இயக்குங்கள். கட்டும்போது சூடோ பயன்படுத்தாதீர்கள்.

கம்பைலரையே நம்பலாமா என்று மேலும் கேட்பவர்களுக்கு: 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் கென் தாம்சன், மூலநிரலில் தடயமே இல்லாமல் கம்பைலருக்குள் ஒரு பின்வாசலை வைக்க முடியும் என்று காட்டிவிட்டார். ஒரே மூலநிரலை வெவ்வேறு கணினிகளில் கட்டி, பைட்டுக்குப் பைட் ஒரே விளைவு வருகிறதா என்று ஒப்பிடும் மறுவுருவாக்கக் கட்டுதல் முயற்சியை டெபியன் போன்ற திட்டங்கள் மேற்கொண்டிருப்பது இத்தகைய ஐயங்களால்தான்.

அலுவலகத்தில் ஜிபிஎல் மென்பொருளைத் திருத்திக் கட்டினோம். திருத்தத்தை ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமா?

நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல் அப்படிக் கேட்பதில்லை. கட்டியதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், அவருக்கு அதன் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஏஜிபிஎல் 3 இன்னும் ஒரு படி மேலே போகிறது: திருத்திய நிரலை வலைவழிச் சேவையாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். டெசராக்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருப்பதால் இந்தக் கட்டாயங்கள் அதற்கு இல்லை. நிறுவனம் சார்ந்த முடிவை என் பதிலை வைத்து எடுக்காமல் உங்கள் சட்டப்பிரிவிடம் கேளுங்கள்.

நான் கட்டியதற்குப் புதுப்பிப்பு தானாக வருமா?

வராது. ஆப்ட் அப்கிரேடுக்கு நீங்கள் கட்டியது இருப்பதே தெரியாது. பாதுகாப்பு ஓட்டை எதுவும் வெளியானால் அதைக் கவனித்து மீண்டும் கட்ட வேண்டியவர் நீங்களே. கட்டிய நாள், பதிப்பு எண், கொடுத்த விருப்பங்கள் ஆகியவற்றை ஓர் உரைக் கோப்பில் எழுதி பிரிஃபிக்ஸ் அடைவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். வழங்கல் உங்கள் பதிப்பை எட்டிய நாளில் அந்த அடைவை அழித்துவிட்டு, எங்கள் ஆசிரியர் ஐயா உபுண்டு 24.04க்கு மாறியபோது செய்தது போல, ஆப்ட் இன்ஸ்டாலுக்கே திரும்பிவிடலாம். அதில் இருப்பது 5.3.4.